மடிப்புக்குள் நீல நூல்

கோட்டக்கா பழைய துணிக்கடை போட்ட முதல் பத்து வருஷத்தில் அவளிடம் துணி வாங்கியவர்களில் பாதிப் பேர் நாடகக்காரர்கள். அப்படித்தான் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வாசலில் நின்றபடியே தெருவை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு நாடகத்துக்கு வேணும், கோட்டு இருக்கா?" என்று கேட்பார்கள். ஊரில் இருந்தது ஒரே ஒரு நாடகக் கொட்டகை. அதிலும் மர வியாபாரி பலகை அடுக்கி வைத்திருந்தார். மீதிப் பாதிப் பேர் வீட்டு வேலைக்காரிக்கு வாங்குகிறவர்கள். வேலைக்காரிக்கு வாங்கும் சட்டையைத் தங்கள் தோளில் வைத்து அளவு பார்ப்பார்கள்.

கோட்டக்கா யாரிடமும் எந்த நாடகம் என்று கேட்டதில்லை. அவளிடம் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "இருக்கு, உள்ள வாங்க." வாங்கியதைப் பேர் போடாத பையில் போட்டுக் கொடுப்பாள். அதுவும் பத்தாது என்று செய்தித்தாளில் சுற்றிக் கேட்ட மகராசிகள் உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம். மறைத்துவிட்டுப் போகட்டுமே, கடை நடந்தால் சரி.

அவள் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் சாவி வெட்டுகிறவர் பெட்டிக்கும் நடுவில், ஒரு ஷட்டர் அகலம். முன்பக்கம் இரண்டு கம்பிகளில் துணி தொங்கும். பின்பக்கம் தையல் மெஷின், அதற்குப் பின்னால் அவள் கணவரின் இஸ்திரி மேசை. அவர் நல்ல மனிதர். வேலையில் சுத்தம், வாயில்தான் கொஞ்சம் ஓட்டை. மாலையில் கடையைப் பூட்டும்போது தினமும் ஒரே கேள்வி கேட்பார். "ஏம்மா, இன்னைக்கு எத்தனை நாடகம்?"

"மூணு நாடகம், ரெண்டு வேலைக்காரி" என்பாள் அவள். இந்தச் சிரிப்பு வீட்டுக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற அவள் தங்கையும் கேட்டுச் சிரிப்பாள். ஆனால் அந்தத் தங்கை, சின்னவள், கடைக்குள் மட்டும் காலை வைத்ததில்லை. ஒரு நாளா இரண்டு நாளா, இருபத்தெட்டு வருஷம்.

கோட்டக்காவுக்கு வாழ்க்கையில் பெரிய குறை ஒன்றும் இல்லை. கை நிறைய வேலை, கால் நீட்டிப் படுக்கச் சொந்த வீடு, சொன்ன பேச்சை முக்கால்வாசி கேட்கும் கணவர். இருந்த ஒரே குறை இதுதான். இந்தக் குறைக்குக் காரணமும் அவளேதான், அதுதான் வலி.

அம்மா போனபோது கோட்டக்காவுக்கு வயது இருபது, சின்னவளுக்கு எட்டு. அப்பா லாரி ஓட்டியவர். வருஷத்தில் மூன்று தடவை வீட்டுக்கு வருவார், வந்தால் தூங்குவார். வளர்த்தது எல்லாம் அக்காதான். அப்போது அவள் ஒரு தையல்காரரிடம் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் படித்த பள்ளிக்கூடத்தில் கரும்பச்சைக் கோட்டு கட்டாயம். மார்புப் பையின் மேல் பிள்ளையின் எண்ணை வெள்ளை நூலால் தைத்திருக்க வேண்டும். புதுக் கோட்டு அவர்களுக்கு எட்டாத உயரம். தையல் கடைக்கு ஒட்டுத் துணிக்காக வாங்கிய பழைய துணி மூட்டையில் ஒரு கோட்டு கிடைத்தது. எண் நாற்பத்தேழு.

அவள் உட்கார்ந்து ஊசிமுனையால் அந்த நாற்பத்தேழை ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். ஒரு நூல் பிசிறுகூட விடவில்லை. ஓட்டைகளைத் தேய்த்து மூடினாள். விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்னவளின் எண்ணான நூற்றுப் பன்னிரண்டை மேலே தைத்துக் கொடுத்தாள். தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டாள் என்றும் சொல்ல வேண்டும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். மஞ்சள் விளக்கில் ஒன்றாகத் தெரிந்த துணி, வெயிலில் அப்படி இல்லை. அந்தக் கோட்டு ஆறு வருஷம் வெயிலில் வெளுத்திருந்தது. வெள்ளை நூல் மூடியிருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது நூற்றுப் பன்னிரண்டுக்கு அடியில் நாற்பத்தேழு கரும்பச்சையில் பளிச்சென்று எழும்பி நின்றது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் அதைப் படித்தாள். அது அவளுடைய அக்காவின் எண். "இது எங்க வீட்டுக் கோட்டு. எங்கம்மா தூக்கிப் போட்டது" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பள்ளியை விட்டு வெளியே வரும்வரை சின்னவளுக்கு வகுப்பில் பெயர் நாற்பத்தேழு.

வீட்டுக்கு வந்து அழுத பிள்ளையை அணைத்துக்கொண்டிருக்கலாம். கோட்டக்காவோ, பண்ணிய வேலை பாழாய்ப்போன எரிச்சலில், "பழசுன்னா என்ன இப்போ, கிழிஞ்சா தொங்குது?" என்று கேட்டுவிட்டாள். பத்து வயதுப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னது. "நீ கை வச்ச துணியை இனிமே நான் போட மாட்டேன்."

பிள்ளைகள் ஆயிரம் சொல்லும், மறுநாள் மறந்துவிடும் என்பார்கள். இந்தப் பிள்ளை மறக்கவில்லை. சின்னவள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசை வேலைக்குப் போனாள். முதல் சம்பளத்திலிருந்தே கடையில் புதிதாக வாங்கியது தவிர வேறு எதுவும் அவள் உடம்பில் ஏறியதில்லை. அக்காவின் மேல் பாசத்துக்குக் குறைவில்லை. ஒன்றுவிட்ட ஞாயிறு பேருந்து பிடித்து வருவாள், அக்காவின் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள், மாமாவோடு சீட்டாடித் தோற்பாள். ஆனால் வீட்டோடு சரி. கடைக்கு ஏதாவது கொண்டுவர வேண்டியிருந்தால் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுகொண்டு, "அக்கா" என்று ஒரு குரல் கொடுப்பாள். கோட்டக்கா தெருவைக் கடந்து போய் வாங்கிக்கொள்வாள்.

அந்த நாற்பத்தேழுக்குப் பிறகு கோட்டக்கா இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டாள். ஒன்று, எந்தத் துணியானாலும் வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. இரண்டாவது நீல நூல். மூடப்போன ஒரு ஆலையிலிருந்து வந்த பெரிய நீல நூல்கண்டுகள் அவளிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. யாரும் வாங்காத ஒரு அழுத்தமான நீலம். வெளியில் தெரிகிற தையலை அந்தந்தத் துணியின் நிறத்திலேயே போடுவாள். ஆனால் அவள் கைபட்ட துணி ஒவ்வொன்றிலும், கீழ் மடிப்புக்குள் மூன்று சின்னத் தையலும், பட்டன்களின் முதுகுப் பக்கம் முடிச்சும் நீலத்தில் இருக்கும். கேட்கிறவர்களுக்கு மடித்துக் காட்டுவாள். "இது நான் சரி பண்ணினது. மறைச்சாத்தானே மாட்டிக்கணும்" என்பாள். அந்தக் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து ஊசியில் அந்த நீல நூலைக் கோத்துக் கொடுத்தது யார் என்றால், துணியைத் தொட மாட்டேன் என்று சொன்ன அதே சின்னவள்தான். தொட மாட்டாளாம், கோத்துக் கொடுப்பாளாம். பிள்ளைகளின் கணக்கே தனி.

காலம் மாறியது. எந்த நாளில் மாறியது என்று கோட்டக்காவால் சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் கல்லூரிப் பெண்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே நேராக உள்ளே வந்தார்கள். தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாடகம் என்றும் சொல்லவில்லை. ஒருத்தி முழங்கையில் ஒட்டுப்போட்ட ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு, "இந்த ஒட்டு நீங்க போட்டதா? ரொம்ப அழகா இருக்கு" என்றாள். கோட்டக்கா திகைத்துப்போனாள். இத்தனை வருஷத்தில் ஒட்டைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னவர்கள்தான் உண்டு. அந்தப் பெண் போகும்போது, "பை வேணாம், போட்டுக்கிட்டே போறேன்" என்று சொல்லி, பழைய துணிக்கடை வாசலில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சைக்கிள்காரர்கூட, "என்னக்கா, உன் கடையில எதாவது இலவசமா குடுக்கறியா?" என்று எட்டிப் பார்த்தார். பழைய நாடகக்காரர்களிலேயே ஒரு அம்மாள் நடுப்பகலில் வந்து, யாரும் கேட்காமலே, "நான் எப்பவுமே இந்த மாதிரிதான் வாங்குவேன். புதுசு வாங்குறது வீண் செலவு" என்று கல்லூரிப் பெண்களுக்குப் புத்தி சொன்னாள். அவள் கணவர், அந்த இஸ்திரிக்காரர், உள்ளே திரும்பி நின்று, சிரிப்பை அடக்க, தேய்த்த துணியையே மறுபடி தேய்த்தார்.

பிறகு வந்தவள் கண்ணாடிக் கடைக்காரி. ஊரின் மறுபக்கம், கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவளுக்கு ஒரு கடை. கோட்டக்காவிடம் நல்லதாகப் பார்த்து மொத்தமாக எடுத்துப் போவாள். ஒரு தடவை சரக்குக் கொடுக்கப் போன இஸ்திரிக்காரர் அந்தக் கடையைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு வந்தார்.

"முழத்துக்கு ஒரு துணிதான் தொங்குது. நடுவுல சும்மா காத்து. ஒவ்வொண்ணுலயும் ஒரு அட்டை. என்ன எழுதியிருக்கு தெரியுமா? ஏற்கெனவே நேசிக்கப்பட்ட ஆடையாம்."

"நேசிக்கப்பட்டதா?"

"ஆமா. இங்க இருக்கிற வரைக்கும் பழசு. லிஃப்டுல ஏறினா நேசிக்கப்பட்டது."

"நம்மளும் ஒரு நாள் லிஃப்டுல ஏறிப் பார்ப்போம்" என்றாள் கோட்டக்கா.

ஊரெல்லாம் மாறிவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஊர் முழுவதும் உள்ளே வந்து, வர வேண்டியவள் ஒருத்தி எதிர் நடைபாதையில் நின்றால் அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடவில்லை. அன்றைக்கு வாயைத் திறந்து கெடுத்தது போதும் என்று இருந்துவிட்டாள்.

இந்த வருஷம் குளிர் தொடங்குமுன் ஒரு பழுப்புக் கோட்டு வந்தது. கம்பளி என்றால் அப்படி ஒரு கம்பளி. ஆனால் பாழ்பட்டு வந்தது. அக்குளில் பூச்சி அரித்த ஓட்டை, காலர் நைந்து போயிருந்தது, உள்துணி கிழிந்து தொங்கியது, பட்டன்கள் ஒன்றுகூட இல்லை. கோட்டக்கா நாலு நாள் அதோடு உட்கார்ந்தாள். கோட்டின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் இழையோட்டினாள். காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தாள். வேறொரு கோட்டிலிருந்து கொம்புப் பட்டன்கள் எடுத்து வைத்தாள். நாலு ஒரே மாதிரி. ஐந்தாவது கொஞ்சம் வெளிர். அதைக் கண்ணில் படாத இடமாகக் கடைசியில், கீழே வைத்தாள். இஸ்திரிக்காரர் ஈரத் துணி போட்டுத் தேய்த்தார். பேச்சுச் சுவாரசியத்தில் கோட்டின் இடது கை விளிம்பில் பெட்டியை ஒரு நொடி அதிகம் வைத்துவிட்டார். நகத்தளவு ஒரு பளபளப்பு நின்றுவிட்டது. அதற்கு அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை.

தன் கையில் இதுவரை வந்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று கோட்டக்காவுக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்காரி வந்தாள், பார்த்தாள், வேறு சிலவற்றோடு அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். கோட்டக்கா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டு இஸ்திரிக்காரர் திறந்தார். சின்னவள் உள்ளே வந்து, கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எப்படி இருக்கு?"

பழுப்புக் கோட்டு. கீழே வெளிர்ப் பட்டன்.

கோட்டக்கா பார்த்துக்கொண்டே நிற்க, தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இஸ்திரிக்காரரின் கண் நேராக இடது கை விளிம்புக்குப் போனது. அவர் வாய் திறந்தது. "அட, இந்தக் கை—"

"கைக்கு என்ன, கச்சிதமா இருக்கு" என்று கோட்டக்கா முந்திக்கொண்டாள். கிட்டே வந்து, அவர் கால்மேல் தன் காலை வைத்து ஊன்றினாள். அவர் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, வராத தேநீருக்காகக் காத்திருந்தார்.

சின்னவளுக்கு அந்தக் கோட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. திருப்பித் தைத்த காலர் அவள் கழுத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. கோட்டக்காவுக்கு ஒரே நேரத்தில் நெஞ்சு நிறைந்தது, அதே நெஞ்சு பதறவும் செய்தது. இது பழையது, நான் ஒட்டுப்போட்டது, கண்ணாடிக் கடைக்காரி உன் தலையில் கட்டியிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? மைதானத்தில் ஒருத்தி நாற்பத்தேழு என்று படித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? படிக்கிறவள் அக்கா என்பதுதானே? சொல்லாமல் விட்டாலோ, வாழ்நாளில் செய்த சிறந்த வேலை கண்முன்னால் நடமாடும், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் விழுங்குவது என்று முடிவு செய்தாள். பிள்ளை ஆசையாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. போட்டுக்கொள்ளட்டும்.

"நல்ல துணி சின்னு. உனக்கு ரொம்ப எடுப்பா இருக்கு" என்றாள்.

"எங்க வாங்கினேன்னு கேக்கலயே?"

"எங்க வாங்கினா என்ன? நல்லா உழைக்கும்."

"எவ்வளவுன்னும் கேக்கல. வழக்கமா அதைத்தானே முதல்ல கேப்ப?"

"கேட்டா எனக்குத்தான் நெஞ்சு வலி வரும்" என்று சொல்லிவிட்டு கோட்டக்கா அடுப்பைத் துடைக்கத் திரும்பினாள். இஸ்திரிக்காரருக்கு இருமல் வந்தது.

மூன்று பேரும் தேநீர் குடித்தார்கள். ரஸ்க்கை நனைத்துத் தின்றார்கள். பல் மருத்துவரைக் கடித்த ஒரு நோயாளியின் கதையைச் சின்னவள் சொன்னாள். கோட்டக்கா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். கண் மட்டும் நாற்காலி முதுகில் கழற்றிப் போட்ட கோட்டின் மேலேயே இருந்தது. அதன் கீழ் மடிப்பு இரண்டு விரலுக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. விரலை மடக்கி வைத்துக்கொண்டாள்.

சின்னவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, கோட்டை எடுத்து அக்காவின் மடியில் போட்டாள். "இந்தக் கீழ்ப் பட்டன் ஆடுது அக்கா. கொஞ்சம் தச்சுக் குடேன்."

"என்னது? நான் தச்ச—" என்று ஆரம்பித்து கோட்டக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவள் தைத்த பட்டன் ஒன்று ஆடியது என்று எவரும் சொன்னதில்லை. வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பட்டன் ஒரே ஒரு இழையில் தொங்கியது. நூல் தேய்ந்து அறுந்திருந்தால் நுனி பஞ்சு மாதிரிப் பிரிந்திருக்கும். இது நேராக, பளிச்சென்று, கத்தரியால் வெட்டியது.

அவளுக்குப் புரியவில்லை. தையல் டப்பாவை எடுத்து, பழுப்பு நூலை அளந்து இழுத்தாள்.

"பழுப்புல தச்சுட்டு, பின்னாடி முடிச்சு நீலத்துல போடு" என்றாள் சின்னவள். "மத்த நாலுலயும் நீலம்தானே இருக்கு."

கோட்டக்கா பழுப்பு நூலைக் கீழே வைத்தாள்.

"எப்ப பாத்த?" என்று கேட்டாள் கோட்டக்கா.

"கடையிலயே பாத்தேன். என் கூட வேலை பாக்குறவ அந்தக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கிட்டுப் போனா. நேசிக்கப்பட்டதுன்னு அட்டை போட்டிருந்தாங்க. நான் வெளியவே நிக்கிறேன்னு சொன்னேன். அப்புறம் இந்தக் காலரைப் பாத்தேன். இது மாதிரி காலர் திருப்ப உன்னை விட்டா யாருக்குத் தெரியும்? மடிப்பைத் திருப்பினேன். மூணு தையல் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா வாங்கின?"

"தெரிஞ்சதாலதான் வாங்கினேன்."

கோட்டக்கா கோட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அழுகையை மறைக்கிறவள் செய்கிற காரியம் அது. பிறகு, கடைக்காரி கடைக்காரிதானே, கேட்டேவிட்டாள். "அவ்வளவு காசு குடுத்து அங்க வாங்கணுமா? எங்கிட்ட வந்திருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

"வந்தேன். இதுக்கு அப்புறம் ரெண்டு தடவை வந்தேன். ஆபீஸ் முடிஞ்சு எதிர்ப்பக்கம் வரைக்கும் வந்துட்டுப் போயிட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு என்ன சொல்லிக்கிட்டு உள்ள வர்றதுன்னு தெரியல." அவள் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான்தான் முதல்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உன்னை அன்னைக்கே தூக்கி வச்சுக்கிட்டிருக்கணும்."

"சரி, ரெண்டு பேரும் சொல்லியாச்சு" என்றார் இஸ்திரிக்காரர். அவருக்கும் மூக்கு சிவந்திருந்தது. "பட்டனை எதுக்கு சின்னு வெட்டின? நல்லா இருந்த பட்டன்."

"வேற எப்படி மாமா நீல நூலைக் கேக்குறது?"

கோட்டக்கா டப்பாவைக் கிளறிப் பார்த்தாள். நீலம் இல்லை. நீல நூல் எல்லாம் கடையில், மெஷின் மேசை இழுப்பறையில். அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

சின்னவள் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். "வா, போய் எடுத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. இஸ்திரிக்காரர் ஷட்டரைத் தூக்கினார். கோட்டக்கா உள்ளே போய், வேண்டுமென்றே திரும்பிப் பார்க்காமல், இழுப்பறையைத் திறந்து நீல நூல்கண்டை எடுத்தாள். பின்னால் காலடிச் சத்தம் வந்தது, பிறகு நின்றது. வாசலில்தான் நின்றது.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. சின்னவள் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, தெருவை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒரு நாடகத்துக்கு வேணும். கோட்டு இருக்கா?"

கோட்டக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனாலும் இத்தனை வருஷப் பழக்கம், பதில் தானாக வந்தது.

"இருக்கு, உள்ள வாங்க."